தேயிலைத் தண்ணீரில் கழுவிய முகம்

அம்மா ஒரு நாளும் தேயிலைத் தண்ணீரில் முகம் கழுவியதில்லை. கழுவினாள் என்று சொன்னது நான்.

சொன்ன இடம் கோலாலம்பூரில், பதினான்காவது மாடியில், எங்கள் நிறுவனத்தின் கூட்ட அறை. முகத்துக்குப் பூசும் கிரீம், பவுடர், உதட்டுச் சாயம் எல்லாம் தயாரித்து விற்கும் நிறுவனம். நான் அதன் மார்க்கெட்டிங் பிரிவுக்குத் தலைவியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்த நாற்காலிக்கு வந்து சேர எனக்கு இருபத்து நான்கு வருடங்கள் பிடித்தன. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அம்மா கொழுந்து பறித்தாள். ஐந்தாம் படிவம் முடித்ததும் மலையிலிருந்து இறங்கி, ஈப்போவில் ஒரு பேரங்காடியில் இதே நிறுவனத்தின் மேக்கப் கவுண்டரில் நிற்கும் பெண்ணாகச் சேர்ந்தேன். என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். என் நிறத்துக்கு எங்கள் கம்பெனியில் பவுடரே கிடையாது. முன்னால் நின்றால் வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று மேலாளருக்குப் பயம்.

தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். இருக்கிற நிறங்களில் இரண்டைப் புறங்கையில் வைத்துக் குழைத்தால் மூன்றாவதாக ஒன்று வரும். தமிழ்ப் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தலைநகரத்திலிருந்து கடைகளைப் பார்வையிட வந்த அம்மையார் ஒருவர் தூணுக்குப் பின்னால் நின்ற வரிசையைக் கவனித்தார். அவர்தான் பிற்பாடு எங்கள் நிர்வாக இயக்குநரானவர். என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய், பயிற்சி கொடுப்பவளாக, விற்பனை அதிகாரியாக, பிராண்டு மேலாளராக ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டவரும் அவர்தான். என் வாழ்க்கையில் நான் 'இல்லை' என்று சொல்லாத ஒரே மனிதர்.

அன்றைய கூட்டத்தில் பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த புதிய கிரீம் வரிசையைப் பற்றிப் பேச்சு. ஆய்வகத்தார் ஏதேதோ வேதிப் பெயர்களைச் சொன்னார்கள். விளம்பரக்காரர்கள் இலை மேல் பனித்துளி இருக்கும் படங்களைத் திரையில் காட்டினார்கள். இயக்குநருக்கு அலுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ அந்த மலைக்காரிதானே. உங்கள் வீட்டில் தேயிலையை என்ன செய்வீர்கள்?"

குடிப்போம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் சிரித்திருப்பார்கள், பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் பன்னிரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மலையில் பிறந்தவள் நான் ஒருத்திதான். அது என்னிடம் மட்டுமே உள்ள சரக்கு என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்தது.

"அம்மா வேலை முடிந்து வரும்போது ஒரு பிடி கொழுந்து கொண்டுவருவார். கொதிக்கவைத்து, ஆறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவுவார். எனக்கும் கழுவிவிடுவார். இன்றைக்கு அறுபத்தெட்டு வயது, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது."

இயக்குநர் மேசையை லேசாகத் தட்டினார். "இதுதான். வேறு எதுவும் வேண்டாம்."

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கைதட்டினார்கள், நானும் சிரித்தேன்.

எங்கள் தோட்டத்தில் பச்சைக் கொழுந்தை ஒரு பிடிகூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கூடையோடு தராசில் நிறுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையாகத்தான் வரவேண்டும். அந்தக் கையும் கறுத்துப்போயிருக்கும். கோயிலுக்குப் போகும் நாளில் அம்மா எலுமிச்சை மூடியால் விரல்களைத் தேய்தேய் என்று தேய்ப்பாள். தேயிலை என்றாலே அவளுக்கு அழிக்க வேண்டிய கறைதான். முகத்துக்கு அவள் போட்டது டப்பாப் பவுடர். சுருக்கம் அதிகம் இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு கன்னத்திலும், மூக்குத்தண்டிலும், அடர்ந்த மங்கு, கரும்பழுப்புத் திட்டு. மலையில் குளிர் அடித்தாலும் வெயில் சுடும். முப்பது வருடம் தேயிலைச் செடிகளின் நிரையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் அது உண்டு.

இரண்டு மாதத்தில் முடிவாகிவிட்டது: விளம்பரப் படத்தில் அம்மாவே வருவாள், அதே தோட்டத்தில். என் தம்பி அங்கே ஆலையில் மெக்கானிக். லயத்து வீடு அவன் வேலையோடு வந்தது; அம்மா அவனோடுதான் இருந்தாள். தோட்டத்து நிர்வாகமும் சந்தோஷமாக அனுமதி கொடுத்துவிட்டது. தம்பி போனில் துள்ளினான். "அக்கா, மேனேஜரே என்ன ஆபீசுக்குக் கூப்ட்டு கை குடுத்தாரு லா. 'ஒன் அக்காவா'ன்னு கேட்டாரு." அவனிடம் நான் என்ன சொல்ல?

அம்மா மறுத்துவிடுவாள் என்ற ஒரே நம்பிக்கையோடு மலைக்குப் போனேன். அடுப்படியில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சும்மா. ஒன்னு சொல்லணும்." சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல்.

கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "தேயிலத் தண்ணியிலயா? நானா? அதுல தரயத்தான் கழுவலாம்."

"வேணாம்னு சொல்லிரும்மா. ஒடம்புக்கு முடியலன்னு நான் சொல்லிக்கிறேன்."

"நான் வரலன்னா ஒன்ன என்னா செய்வாங்க?"

"ஒன்னும் செய்ய மாட்டாங்க."

"பொய்யின்னு தெரிஞ்சா?"

அம்மா கீரையை மறுபடி எடுத்துக்கொண்டாள். "ஒரு வார்த்ததானே. சொல்லிட்டுப் போறேன். நீ இதுக்கா மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு வந்த?"

அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோது, கடைசிக் கதவும் சாத்திக்கொண்டது போல இருந்தது எனக்கு.

படப்பிடிப்பு அன்று காலை மூடுபனி விலகவேயில்லை. கோலாலம்பூரிலிருந்து மூன்று வேனில் ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் நிர்வாக இயக்குநரும் வந்திருந்தார். தோட்டத்தில் இப்போது மூங்கில் கூடையில் யாரும் பறிப்பதில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு மெஷினால் அரிகிறார்கள். அரிகிறவர்களும் நேப்பாள, வங்காளதேசப் பையன்கள். அவர்களைக் கேமராவில் படாத சரிவுக்கு அனுப்பிவிட்டு, பிரிஞ்சாங் பட்டணத்துக் கடையில் வாங்கிவந்த புதுக் கூடையை அம்மாவின் முதுகில் மாட்டினார்கள். அம்மா தோளை அசைத்துப் பார்த்தாள். "இது ஸ்ட்ராபெரி வக்கிற கூட. கொழுந்து போட்டா அறுந்து விழுந்துரும்."

நான் அதை யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

ஒப்பனைக்காரப் பெண் அம்மாவின் முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். திருப்பியதும் என்னைப் பார்த்தாள். பெட்டியில் இருந்த எந்த நிறமும் அந்த மங்கு மேல் நிற்கவில்லை. ஒன்று சாம்பலாகத் தெரிந்தது, இன்னொன்று ஆரஞ்சாக. அரைமணி நேரம் போராடினாள். இயக்குநர் தூரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொடு" என்று நான் வாங்கிக்கொண்டேன். புறங்கையில் இரண்டு நிறத்தைக் குழைத்தேன். அம்மாவின் தாடையைப் பிடித்து, விரல் நுனியால் தட்டித் தட்டி, கன்னத்தையும் மூக்குத்தண்டையும் மூடினேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள். அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. இத்தனை வருடத்தில் அவள் முகத்தை நான் இவ்வளவு நேரம் தொட்டதில்லை. நான் செய்ததிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான். முடித்தபோது அங்கே மங்கு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா வசனத்தை ஒரே தடவையில் சொன்னாள். "எங்க அழகெல்லாம் இந்த எலையிலதான் இருக்கு." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கேமரா இன்னும் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, என் பக்கம் பார்த்து, "எம் மவ சொன்னா நெசமாத்தான் இருக்கும். அவ பொய் சொல்ல மாட்டா" என்றாள்.

அதைக் கேலியாகச் சொன்னாளா, எனக்குத் துணையாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இயக்குநருக்குத் தமிழ் தெரியாது; மொழிபெயர்த்துச் சொன்னதும் கைதட்டிவிட்டார். படம் முடிவது அந்த வரியில்தான் என்று அங்கேயே தீர்மானித்தார்கள். மலாய் எழுத்து கீழே ஓட, அம்மா தமிழில் பேசினாள்.

அடுத்த வருடம் கடைக்கு வந்த கிரீம் நன்றாக விற்றது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. நான்கு நாடுகளுக்குப் பொறுப்பு. நெடுஞ்சாலையில் மலைக்குப் பிரியும் தாப்பா திருப்பத்துக்கு முன்னால் அம்மாவின் முகம் ஒரு பெரிய பலகையில் நின்றது. மலைக்குப் போகும்போதெல்லாம் நான் செய்த முகத்தைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. கிரீம் பெட்டியின் பின்புறத்தில் கதையை மூன்று மொழியில் அச்சிட்டார்கள். ஒவ்வொரு முறை புதிதாக அச்சேறும்போதும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டேன்.

கிரீம் கடைக்கு வந்து ஏழெட்டு மாதம் கழித்துத் தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, அம்மாவுக்கு அந்த டியூப் தீந்துபோச்சாம். இன்னும் நாலஞ்சு அனுப்புவியாம்."

"எந்த டியூப்?"

"மூஞ்சிக்கு நீ பூசுனியே, அதுதான். ரெண்டு கலரு."

படப்பிடிப்பு அன்று நான் விட்டுவந்தது நிறத்துக்கு ஒரு டியூப். அதை அம்மா எதற்கு வைத்திருந்தாள் என்றே எனக்குத் தெரியாது. தம்பி மெதுவாகச் சொன்னான். வாரக்கடைசியில் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் லயம் வரைக்கும் வந்துவிடுகிறார்களாம். படம் எடுத்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிடுகிறார்களாம். வெறும் முகத்தோடு போனால் உற்றுப் பார்க்கிறார்களாம். அதனால் அம்மா கோயிலுக்குப் போனாலும், பிரிஞ்சாங் சந்தைக்குப் போனாலும் அதைப் பூசிக்கொண்டு போனாள். தீர்ந்த பிறகு போவதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள்.

"இன்னொன்னும் இருக்குக்கா. பெர்த்தாம் அத்த பேசறதில்ல அம்மாகிட்ட."

பெர்த்தாம் அத்தை என்று நாங்கள் கூப்பிடுவது அம்மாவோடு கூடவே கொழுந்து பறித்தவளை. உறவு முறை கிடையாது, அதைவிட நெருக்கம். ஓய்வுக்குப் பிறகு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மகனுடைய காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டாள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் மேலே ஏறி வந்துவிடுவாள். வருவது நின்று நான்கு மாதம் ஆகிறதாம்.

அடுத்த நாளே இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் ஏதோ தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கதை பொய்" என்றேன். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த வார்த்தை. சொன்னால் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே, "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். வேலையாள் இலையை வீட்டுக்குக் கொண்டுபோக எந்தத் தோட்டம் விடும்?"

"தெரிந்துமா படம் எடுத்தீர்கள்?"

பேனாவை மூடிவைத்தார். கோபம் இல்லை, அன்பாகத்தான் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. "இப்போது நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் முதலில் யார் பெயர் கெடும்? என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. பலகையில் இருப்பது யார் முகம்?" பிறகு, "அடுத்த படத்துக்கு உன் அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம். வேறு ஆளைப் பார்க்கலாம். நீ போய் இரண்டு நாள் ஓய்வெடு" என்றார்.

வெளியே வந்து பதினான்காவது மாடியின் கண்ணாடிச் சுவரருகே கொஞ்ச நேரம் நின்றேன். அந்தச் சன்னல்கள் திறக்காதவை. ராஜினாமாக் கடிதம் எழுதினேன். வாசித்தேன். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. என்னை எடுக்கக்கூடிய நிறுவனம் எதுவானாலும் அந்தத் தேயிலைக் கதைக்காகத்தான் எடுக்கும். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

சனிக்கிழமை மலைக்குப் போனேன். பெர்த்தாம் அத்தையிடம் போகப்போகிறேன் என்றதும் அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். டியூப் கொண்டுவந்திருந்தேன், அன்று காலையே பூசிக்கொண்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயே, எங்கள் முன்னாலேயே.

"வேணாம். கோவம் தானா ஆறும்."

"என்னா கோவம்மா?"

"என்னத்தயோ நெனச்சுக்கிட்டா. விடு."

விடவில்லை. போனேன். அணையைத் திறந்து சேற்று வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு மேட்டில் தள்ளிக் கட்டிய வீடு அது. முன்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகள். அத்தை ஒரு கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. கால் சப்பாத்துல சேறு ஒட்டிக்கும், அங்கயே நில்லு."

நான் உள்ளே போய் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். "ஏன் அத்த அம்மாவப் பாக்க வர்றதில்ல?"

கையில் இருந்த கட்டைக் கட்டி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அம்மாவுடையதைவிட அடர்ந்த மங்கு, நெற்றிவரை.

"முப்பது வருஷம் ஒரே நெரையில நின்னோம் நானும் அவளும். எம் புருஷன் என்ன கரும்பூன மூஞ்சின்னுதான் கூப்புடுவான், ஒனக்குத் தெரியுமா? அவகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன். கேட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பா. இப்ப டிவியில சொல்றா, அழகெல்லாம் எலையிலதானாம்; தேயிலத் தண்ணியில கழுவுனான்னு பெட்டியிலயும் போட்டிருக்கு. அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா அவளுக்கு என்னா கொறஞ்சிரும்?"

எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. யாராவது பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ஒருத்தி அதை அப்படியே நம்பிவிடுவாள் என்று பயப்படவில்லை.

"நீங்க கேக்கலயா அத்த, அம்மாகிட்ட?"

"கேட்டேனே. 'ஆமா, கழுவுனேன், ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்'னா. மறந்துட்டாளாம்."

"பொய் அத்த. அம்மா கழுவவே இல்ல. நான் கம்பெனியில சொன்ன பொய் அது. அவங்க மூஞ்சில இருந்தத நான்தான் பூசி மறச்சேன்."

அத்தை இரண்டு கட்டு கட்டி முடித்தாள். மூன்றாவதை எடுத்து, கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஆறு மாசமா தெனம் கொதிக்கவச்சுக் கழுவுறேன். போவவே மாட்டேங்குது. வயசாயிருச்சு, அதான் கேக்கலன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"ஒனக்காகத்தான் அப்புடிச் சொன்னாளா எங்கிட்ட?"

"ஆமா அத்த. உண்மயச் சொன்னா நான் பொய்க்காரின்னு ஆயிரும்னு."

"எங்கிட்டச் சொன்னாக்கூடவா?"

நான் வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது ஒரு கட்டு வெங்காயத்தாளை என் கையில் கொடுத்தாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. வெங்காயத்தாளை வாங்கி அலசினாள். நெடுநேரம் அலசினாள். "பாவி, ஆறு மாசமா கழுவியிருக்காளே" என்றாள். பிறகு குழாயடியிலேயே குனிந்து, சவர்க்காரம் போட்டு, நான் கொண்டுவந்து கொடுத்த நிறத்தையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். துண்டை எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் நின்றேன். அவள் புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அத்தை வந்தாள் என்று தம்பி சொன்னான். சண்டையா சமாதானமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேரும் ஒன்னுமே பேசல லா. அத்த டீ குடிச்சிச்சு, போயிருச்சு. மறு ஞாயிறும் வந்துச்சு."

நான் வேலையை விடவில்லை. இரண்டாவது படத்தில் வேறொரு பெண்மணி நடித்தார். நெடுஞ்சாலைப் பலகையில் இப்போது சலவைத்தூள் விளம்பரம். ஆனால் பெட்டியின் பின்புறத்தில் கதை அப்படியே இருக்கிறது. போன மாதம் தாய்லாந்துக்கான அச்சில் அது நான்காவது மொழிக்கும் போனது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. கையெழுத்துப் போட்டேன். வெளிநாட்டுக் கூட்டங்களில் புதியவர்கள் என்னிடம் வந்து, உங்கள் கதையைக் கேட்டுத்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்கிறார்கள். நன்றி சொல்கிறேன். கடிதம் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. தேதியை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு மலையில் இருந்தேன். வாசலில் வெயில் விழும் இடத்தில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே வெறும் முகம். அத்தை எதையோ சொல்ல, அம்மா குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. அத்தை நெத்திலித் தலைகளை ஓர் ஓரமாக ஒதுக்கினாள். அம்மா என்னிடம், "ஒனக்கு இன்னிக்கே எறங்கணுமா, நாளைக்கா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கேம்மா. காலையில மீட்டிங் இருக்கு."

"அப்ப சோத்த தின்னுட்டு வெள்ளனயே கெளம்பு. கீழ போற சடக்குல வண்டி நெறஞ்சிரும்" என்றாள்.